மணிவேல் பெயரில்

குன்னத்திலிருந்து அய்யாக்கண்ணு வந்து பெஞ்சில் உட்கார்ந்தபோது மணி ஒன்பதரை. அவருடைய காட்டு மண்ணின் முடிவு நேற்றே தயாராகிவிட்டது. அச்சடித்துக் கையில் கொடுப்பதுதான் பாக்கி. சிந்தாமணி அக்கா கம்ப்யூட்டரில் 'முடிவுகள்' என்ற ஃபோல்டரை அழுத்தினாள். திறக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி அழுத்தினாள்.

"ஏ புவனா, இங்க வாயேன். இது என்னமோ இங்கிலீசுல திட்டுது."

புவனேஸ்வரி உள்ளறையிலிருந்து கையுறையோடு வந்து பார்த்தாள். அனுமதி இல்லை என்று திரையில் ஒரு பெட்டி. தன் மேசைக்குப் போய் அங்கேயும் திறந்து பார்த்தாள். அதே பெட்டி. சாருடைய அறைக் கம்ப்யூட்டரிலும் அதேதான். கடைசியாக ஜன்னலோரம் இருந்த பெரிய கம்ப்யூட்டருக்கு வந்தாள். ஃபோல்டர் உண்மையில் இருப்பது அதற்குள்தான். மற்ற மூன்றும் கம்பி வழியாக அதற்குள் எட்டிப் பார்ப்பவை. அதுவும் திறக்க மாட்டேன் என்றது.

பெரம்பலூர் துறையூர் ரோட்டில், பம்புசெட் கடைக்கு மேல்மாடியில் இருந்தது அந்த மண், நீர் பரிசோதனைக் கூடம். புரட்டாசி பிறந்துவிட்டால் கூட்டம் தாங்காது. மழைக்கு முன்னால் மக்காச்சோளமா பருத்தியா, வெங்காயம் போட்டால் வருமா, எந்த உரம் எவ்வளவு என்று கேட்டுக்கொண்டு மஞ்சள் பையில் மண்ணைக் கட்டி எடுத்து வருவார்கள். நாலு வருடத்து முடிவுகள் எல்லாம் அந்த ஒரே ஃபோல்டரில் இருந்தன.

புவனேஸ்வரிக்கு ஊர் செட்டிகுளம். பி.எஸ்சி. தாவரவியல். இங்கே சேர்ந்து பதினான்கு மாதம். கம்ப்யூட்டர் எது மக்கர் செய்தாலும் இந்தப் பன்னிரண்டு நாளாக அவளைத்தான் கூப்பிட்டார்கள். "சயின்ஸ் படிச்ச புள்ளதானே" என்பது சிந்தாமணி அக்காவின் நியாயம். மூன்று வருடம் இலையும் வேரும்தான் படித்தேன் என்று சொல்லி மறுக்க அவளுக்கு வாய் வராது. அதற்கு முன்பெல்லாம் அந்த வேலையை மணிவேல் பார்த்தான். பன்னிரண்டு நாளுக்கு முன் அவன் அரியலூரில் ஒரு சிமென்ட் ஆலையின் ஆய்வகத்தில் சேர்ந்துவிட்டான்.

பத்து மணிக்கு அமிர்தலிங்கம் சார் வந்தார். கூடம் அவருடையது. விஷயத்தைக் கேட்டதும் டவுனில் இருக்கும் கம்ப்யூட்டர் மெக்கானிக்கைப் போனில் பிடித்து ஸ்பீக்கரில் போட்டார். மெக்கானிக் சொல்லச் சொல்லப் புவனேஸ்வரி ஜன்னலோரக் கம்ப்யூட்டரில் ஒவ்வொன்றாக அழுத்தினாள்.

"மேல ஓனர்னு ஒரு இடம் இருக்கும் பாருங்க. அதுல யார் பேரு போட்டிருக்கு?"

அவள் திரையைப் பார்த்தாள். சார் குனிந்து தானே படித்தார்.

"மணிவேல்."

"அப்ப அவரைத்தான் சார் கேக்கணும். பூட்டிட்டுப் போயிருப்பாரு. நான் வர்றதுன்னா ஆறு மணி ஆயிடும்."

சார் போனை வைத்தார். கோபம் வந்தால் அவர் குரல் ஏறாது, இறங்கும். பக்கத்தில் நிற்பவர்களே காதைத் தீட்டிக் கேட்க வேண்டியிருக்கும்.

"நாலு வருசம் என்கூட உக்காந்து சாப்பிட்ட பய. சீசன் முடியட்டும், தை மாசம் போன்னு கேட்டேன். கேக்கல, போனான். சரி. போறவன் பூட்டிட்டா போவான்?"

"மணி அப்படிப்பட்டவன் இல்ல சார்," என்றாள் சிந்தாமணி அக்கா.

"பேரு போட்டிருக்கேம்மா. நானா எழுதுனேன்?"

"ஒரு போன் போட்டு அவனையே கேட்டுட்டா…"

"அவன்கிட்ட நான் போயி கைகட்டி நிக்கணுமா? வேணாம். பன்னெண்டு மணிக்கு அந்த ஆலையிலேர்ந்தே எனக்குப் போன் வருது. ஆளு எப்படின்னு விசாரிக்கணுமாம். நேத்தே சொல்லி வச்சிருக்காங்க. கேக்கட்டும். உள்ளதை உள்ளபடி சொல்றேன்."

அறைக் கதவு சாத்திக்கொண்டது.

புவனேஸ்வரி கையுறையைக் கழற்றினாள். அந்த ஆலையில் முதல் ஆறு மாதம் பார்த்துத்தான் நிரந்தரம் செய்வார்கள் என்று மணிவேல் சொல்லியிருக்கிறான். பழைய இடத்தில் விசாரித்து ஏதாவது குறை சொன்னால் அந்த ஆறு மாதம்கூட இருக்க விடமாட்டார்கள். இந்த வேலைக்காக அவன் இரண்டு வருடம் காத்திருந்தான். ஊர் செந்துறை பக்கம். வீட்டில் அம்மா மட்டும். அம்மாவுக்குச் சர்க்கரையில் கண் பாதிதான் தெரியும். பெரம்பலூரில் ரூம் எடுத்துத் தங்கியிருந்தவரை ஞாயிற்றுக்கிழமைதான் வீடு. இப்போது தினமும் அரியலூர் பஸ் பிடித்துப் போய் வந்துவிடுகிறான். சார் சொல்லப்போகும் ஒரு வார்த்தையில் அது போய்விடும்.

அவன் பூட்டியிருக்க மாட்டான் என்பது அவளுக்குத் தெரியும். எப்படித் தெரியும் என்று யாராவது கேட்டால் சொல்வது கஷ்டம்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவளுக்கு நாளைக்குப் பத்துச் சந்தேகம் வரும். ஒன்றையும் வாய்விட்டுக் கேட்க மாட்டாள். அவனை அண்ணா என்று கூப்பிட ஏனோ மனசு வரவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிடத் தைரியமில்லை. கூப்பிடாமல் எப்படிக் கேட்பது? இரண்டு வாரம் கழித்து அந்த ஃபோல்டருக்குள் 'சந்தேகம்' என்று ஒரு ஃபைல் இருப்பதைப் பார்த்தாள். உள்ளே ஒரே வரி. "கேட்க வேண்டியதை இதில் எழுதி வையுங்கள், நேரம் கிடைக்கும்போது பதில் போடுகிறேன்." யாருக்கு என்று எழுதவில்லை. அவள் எழுதினாள். உப்பு அளவு பார்க்கும் கருவி காலையில் ஒன்று, மாலையில் ஒன்று காட்டுகிறதே என்று. மறுநாள் பதில் இருந்தது. இப்படியே பதின்மூன்று மாதம். ஒரு தரம்கூட அவன் அதைப் பற்றி யார் முன்னாலும் பேசவில்லை, சிரிக்கவில்லை. கடைசி நாளில் தன் போன் எண்ணை அதில் எழுதி, இனி இதற்குப் பதில் போட ஆள் இல்லை, போன் செய்யுங்கள் என்று போட்டிருந்தான். எண்ணை அவள் ஒரு துண்டுத் தாளில் எழுதிப் பர்சில் வைத்தாள். செய்யவில்லை.

இப்போது மாடிப்படியில் இறங்கி நின்று அந்த எண்ணை அழுத்தினாள். போன் அணைத்து வைக்கப்பட்டிருப்பதாகப் பதிவு செய்த குரல் சொன்னது. சாப்பாட்டு மணி வரை போனை ஆலை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள் என்று போகும்முன் அவன் சொல்லியிருந்தது அப்புறம்தான் ஞாபகம் வந்தது. மணி பத்தே முக்கால்.

திரும்பி வந்து ஜன்னலோரக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள்.

"என்ன பாப்பா, என் மண்ணு உள்ளயே மாட்டிக்கிச்சா?" என்றார் அய்யாக்கண்ணு.

"கொஞ்சம் இருங்கய்யா."

"இருக்கேன், இருக்கேன். நமக்கு இது பழக்கந்தான். எங்க வூட்டுல அவ பீரோவைத் தள்ளிச் சாத்துவா, அது தானா பூட்டிக்கும். சாவி எங்கடின்னா உள்ள இருக்கும்பா. பூட்டுனவளும் வெளிய நிப்பா, நானும் வெளிய நிப்பேன்."

சிந்தாமணி அக்கா சிரித்தாள். புவனேஸ்வரிக்குச் சிரிக்கிற நிலை இல்லை. ஆனால் அந்தப் பேச்சு காதில் நின்றது.

ஆய்வகத்தில் ஒரு அளவு தப்பாக வந்தால் அவள் செய்வது ஒன்றுதான். எல்லாவற்றையும் போட்டுக் குழப்பாமல் ஒவ்வொன்றாகப் பார்ப்பாள், பார்த்ததை நோட்டில் எழுதுவாள். கரைசலா, குடுவையா, கருவியா? அப்படியே இதையும் பார்ப்போம் என்று நோட்டை எடுத்து வைத்துக்கொண்டாள்.

கம்பி சரி. மற்ற ஃபோல்டர்கள் திறக்கின்றன. இது மட்டும் இல்லை. எழுதினாள். மறுபடி ஃபோல்டரை அழுத்தி, காலையில் அவசரத்தில் படிக்காமல் விட்ட வாசகத்தை இந்த முறை நிறுத்திப் படித்தாள். இந்தக் கம்ப்யூட்டர் சொன்னது, உங்களுக்கு அனுமதி இல்லை என்று அல்ல. உங்களுக்கு அனுமதி மறுக்கப்பட்டிருக்கிறது என்று. செக்யூரிட்டி என்ற பக்கத்தைப் பாருங்கள் என்றும் போட்டிருந்தது.

இல்லை என்பது ஒன்று. யாரோ மறுத்திருக்கிறார்கள் என்பது வேறு.

அந்தப் பக்கத்தைத் திறந்தாள். ஃபோல்டருக்குள் போகிறவர்களின் பட்டியல். கம்ப்யூட்டர் தானாகப் போட்டுக்கொண்ட இரண்டு பெயர்கள், பிறகு மணிவேல். அவ்வளவுதான். மணிவேல் என்பதைத் தொட்டதும் கீழே இரண்டு வரிசைக் கட்டங்கள் வந்தன. முதல் வரிசை அலோ, உள்ளே விடு என்பதற்கு. அடுத்தது டினை, விடாதே என்பதற்கு. அலோ வரிசை காலியாக இருந்தது. டினை வரிசையில் ஒரு கட்டம் பாக்கியில்லாமல் டிக் போட்டிருந்தது.

நோட்டில் எழுதப் போனவள் நிறுத்திவிட்டாள். உள்ளே விடாதே என்று குறிப்பிட்டுச் சொல்லியிருப்பது மணிவேலை. பூட்டியவன் அவன் என்றால், மற்றவர்களை வெளியே நிறுத்திவிட்டுத் தான் உள்ளே போக வழி வைத்திருப்பான். தன்னை மட்டும் வெளியே நிறுத்தி எதற்குப் பூட்ட வேண்டும்?

அது சரி. மணிவேலைத்தானே தடுத்திருக்கிறது. நாங்கள் ஏன் வெளியே நிற்கிறோம்?

அப்போதுதான் அவள் திரையின் மூலையைப் பார்த்தாள். சின்ன வட்டம், பக்கத்தில் உள்ளே நுழைந்திருக்கும் ஆளின் பெயர். இந்தக் கம்ப்யூட்டரைப் போட்டால் தினமும் வருவதுதான். வந்து வந்து கண்ணில் படாமலே போய்விட்டது. மணிவேல் என்று இருந்தது.

எழுந்து தன் மேசைக்குப் போனாள். அங்கே, ஜன்னலோரக் கம்ப்யூட்டருக்குள் போக எந்தப் பெயரைக் கொடுக்கிறது என்று தேடிப் பார்த்தாள். கண்டுபிடிக்கப் பத்து நிமிடம் ஆனது. அங்கேயும் மணிவேல். சிந்தாமணி அக்காவின் கம்ப்யூட்டரிலும் மணிவேல். ஆபீசுக்கு முதலில் வந்தது ஒரு கம்ப்யூட்டர்தான் என்று அக்கா எப்போதோ சொல்லியிருக்கிறாள். அதில் அவன் பெயரைப் போட்டான். அப்புறம் ஒவ்வொன்றாக வரவர, அவசரத்துக்கு அதே பெயர், அதே பாஸ்வேர்ட். ஒருவரும் கேட்கவில்லை, மாற்றவும் இல்லை. நாலு வருடமாக இந்த ஆபீசில் யார் அந்த ஃபோல்டருக்குள் போனாலும் மணிவேலாகத்தான் போனார்கள். அவள் சந்தேகம் எழுதியதும் அவன் பெயரில்தான். அவன் பதில் எழுதியதும் அவன் பெயரில்தான். கம்ப்யூட்டருக்கு அந்தப் பதின்மூன்று மாதமும் ஒரு ஆள் தனக்குத்தானே பேசிக்கொண்டதாகத்தான் தெரிந்திருக்கும்.

அவளுக்கு முகம் சூடானது. மணியைப் பார்த்தாள். பதினொன்று இருபது.

இனி ஒரு கேள்விதான். இந்தக் கம்ப்யூட்டரில் யார் உட்கார்ந்து டிக் போட்டிருந்தாலும் மணிவேல் போட்டதாகத்தான் இருக்கும். யார் போட்டது?

"அக்கா," என்றாள் மெதுவாக. "நேத்து சாயங்காலம் இதுல யாராவது உக்காந்தீங்களா?"

"நான்தான் உக்காந்தேன். ஏன்?"

"எதுக்கு உக்காந்தீங்க?"

"சார்தான் சொன்னாரு. மணிவேல் பேரை எல்லாத்துலேர்ந்தும் எடுத்துடுங்க, இனிமே அது எதுக்குன்னு. அவன்தான் புது ஆளு வந்தா என்ன பண்ணணும், போனா என்ன பண்ணணும்னு எழுதிச் செவுத்துல ஒட்டிட்டுப் போயிருக்கானே. அதைப் பாத்துப் பாத்துத்தான் செஞ்சேன்."

"எடுத்தீங்களாக்கா?"

அக்கா அய்யாக்கண்ணு இருக்கும் பக்கம் ஒரு தரம் பார்த்துவிட்டு நாற்காலியை நெருக்கிப் போட்டுக்கொண்டாள்.

"எடுக்கல."

"ஏன்?"

"ரிமூவ்னு ஒரு பட்டன் இருந்துச்சு. அதுமேல கையும் வச்சுட்டேன். அமுக்க முடியல புவனா." அவள் குரல் தழைந்தது. "ஆடி மாசம் எங்க வூட்டுக்காரர் பேரை ரேசன் கார்டுலேர்ந்து எடுக்கப் போனேன்ல. பேரை எடுக்கணும்னா ரெண்டே காரணம்தான் கேக்குறாங்க. கல்யாணம் ஆயி வேற வூடு போயிருக்கணும், இல்ல செத்திருக்கணும். நான் சொன்னேன். அந்தப் பொண்ணு ஒரு தட்டு தட்டுச்சு. அவ்வளவுதான். இருபத்தாறு வருசம் என் பேருக்கு மேல இருந்த பேரு, ஒரு தட்டு. உயிரோட இருக்கிற புள்ள மணி. அவன் பேரை என் கையால எப்படி எடுக்கிறது?"

புவனேஸ்வரி நோட்டை மூடி வைத்தாள்.

"அதான், பேரு அது பாட்டுக்கு இருந்துட்டுப் போவட்டும், உள்ள வராம இருந்தா போதும்தானேன்னு, பக்கத்துல வேணாம்னு இருந்த கட்டத்துல எல்லாம் டிக் போட்டேன். என்னமோ நீட்டமா கேட்டுச்சு. எஸ்னு குடுத்தேன்." சொல்லிக்கொண்டே வந்தவள் திரையில் இருந்த டிக் வரிசையைப் பார்த்தாள். பார்த்து, புவனேஸ்வரியின் முகத்தையும் பார்த்தாள். "ஏ… அதனாலயா?"

"நாம எல்லாரும் அவர் பேருலதான்கா உள்ள போறோம்."

அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள்.

புவனேஸ்வரி டினை வரிசையில் இருந்த டிக்குகளை எடுத்தாள். அலோ வரிசையில் போட்டாள். ஓகே கொடுத்தாள். பச்சைக் கோடு ஒன்று மெல்ல ஊர்ந்து முடிந்தது. ஃபோல்டரை அழுத்தினாள். குன்னம், வேப்பூர், லெப்பைக்குடிக்காடு என்று ஊர்ப் பெயர்கள் வரிசையாக வந்து நின்றன.

அவள் மூச்சு விடுவதற்குள் சாருடைய அறையில் மேசைப் போன் அடித்தது. மணி பதினொன்று நாற்பது.

"இன்னும் இருபது நிமிசம் இருக்கே," என்றாள் சிந்தாமணி அக்கா.

உள்ளே சார் போனை எடுத்துவிட்டார். "ஆமாங்க, அமிர்தலிங்கம்தான் பேசறேன்" என்பது கதவுக்கு வெளியே கேட்டது.

கதவைத் திறந்துகொண்டு போய்ப் பேச வேண்டும். சார் முன்னால் இந்தப் பதினான்கு மாதத்தில் புவனேஸ்வரி சேர்ந்தாற்போல் நாலு வார்த்தை பேசியதில்லை. அவர் போனில் இருக்கும்போது குறுக்கே பேசுவது அவளால் ஆகாது. மேசையில் கிடந்த முடிவுத் தாள் ஒன்றைத் திருப்பிப் போட்டு எழுதினாள்.

"நான்தான்னு எழுது புவனா. சிந்தாமணின்னு போடு," என்றாள் அக்கா.

அவள் அதை எழுதவில்லை. எழுதியது இவ்வளவுதான்: 'மணிவேல் பூட்டவில்லை. நம் எல்லாக் கம்ப்யூட்டரும் அவர் பெயரில்தான் ஓடுகிறது. நேற்று சாயங்காலம் அவர் பெயருக்குத் தடை போட்டோம். அதனால் எல்லோருக்கும் அடைத்துக்கொண்டது. இப்போது திறந்துவிட்டது.'

கதவைத் தட்டாமல் திறந்தது அன்றுதான் முதல் தடவை.

"…வேலையில குறை சொல்ல முடியாதுங்க. கையி சுத்தம். அளவெல்லாம் கரெக்டா இருக்கும்," என்று சார் சொல்லிக்கொண்டிருந்தார். அந்தப் பக்கம் ஏதோ கேட்டார்கள். "நடத்தைங்களா?" என்றார். நிறுத்தினார். பிறகு குரல் இறங்கியது. "அதைப் பத்திச் சொல்லணும்னா…"

அவள் தாளை அவர் முன்னால் வைத்தாள். அவர் ஒரு விரலைக் காட்டி அப்புறம் என்றார். அவள் போகவில்லை. தாளை இன்னும் கொஞ்சம் நகர்த்தினாள்.

"அவர் இல்ல சார்," என்றாள். அவள் நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது.

சார் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். தாளைப் பார்த்தார். "ஒரு நிமிசம் இருங்க சார்" என்று போனை உள்ளங்கையால் மூடினார். முழுதும் படித்தார். இன்னொரு முறையும் படித்தார்.

"நீ பாத்தியா?"

"பாத்தேன் சார்."

"நல்லாப் பாத்தியா?"

"தொறந்துட்டேன் சார். அய்யாக்கண்ணு அய்யாவுக்கு இப்ப பிரின்ட் குடுக்கலாம்."

சார் அவளைப் பார்த்தபடியே உள்ளங்கையை எடுத்தார். தொண்டையைச் செருமினார்.

"நடத்தை பத்திக் கேட்டீங்க. சொல்லிடறேன் சார். இங்கேர்ந்து போறப்ப எல்லார்கிட்டயும் சொல்லிட்டுதான் போனாரு. நான்தான் கோவத்துல ரூமை விட்டு வெளிய வரல. ரொம்ப நேரம் நின்னு பாத்துட்டுப் போனாராம். அப்படிப்பட்ட ஆளு. ஆமாங்க. இல்லங்க, ஒண்ணும் இல்ல. நல்லா வச்சுக்குங்க."

போனை வைத்துவிட்டு, வைத்த இடத்திலேயே கையை வைத்திருந்தார். புவனேஸ்வரி வெளியே வந்தாள்.

சிறிது நேரத்தில் சாரும் வந்தார். "தடை போட்டோம்னு எழுதியிருக்க. யாரு போட்டது?"

சிந்தாமணி அக்கா எழுந்தாள்.

"நான்தான் சார். நீங்க எடுக்கச் சொன்னீங்க. எனக்கு எடுக்க மனசு வரல." ரேசன் கார்டு விஷயத்தை அவரிடமும் சொன்னாள். சுருக்கமாகத்தான் சொன்னாள். பாதியில் மூக்கை உறிஞ்சினாள்.

சார் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். "நான்தானேம்மா எடுக்கச் சொன்னேன்," என்றார். "எடுக்கச் சொன்னவன் நான். காலையில வந்து அவனைத் திட்டுனவனும் நான்."

"அப்ப என் மண்ணு?" என்றார் பெஞ்சிலிருந்து அய்யாக்கண்ணு.

எல்லோருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அச்சடித்துக் கொடுத்தார்கள். மணிச்சத்துக் குறைவு, மக்காச்சோளம் தாராளமாகப் போடலாம். அவர் தாளை நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, "பீரோவை இனிமே பாத்துச் சாத்துங்க" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

அதற்கப்புறம் ஒரு மணி வரை புவனேஸ்வரி ஆளுக்கொரு பெயர் போட்டாள். செய்கிற முறை சுவரில் ஒட்டியிருந்த தாளில் மணிவேலின் கோணல் கையெழுத்தில் இருந்தது. சார் தன் பாஸ்வேர்டை ஒவ்வொரு எழுத்தாக உரக்கச் சொல்லிக்கொண்டே அடித்தார். "வாய்விட்டுச் சொல்லாதீங்க சார்," என்றாள் சிந்தாமணி அக்கா. "நீங்க கேக்காதீங்க," என்றார் அவர். ஜன்னலோரக் கம்ப்யூட்டருக்கு ஆபீஸ் பெயரில் ஒன்று. மற்ற மூன்றும் புதுப் பெயரில் ஃபோல்டருக்குள் போய் வந்துவிட்டன. பாக்கி இருந்தது மணிவேலின் பெயர் மட்டும். ஆபீஸ் ஆள் இல்லாதவர் பெயரில் வழி திறந்து கிடக்கக்கூடாது. அது சிந்தாமணி அக்காவுக்கும் புரிந்துதான் இருந்தது.

"புவனா எடுக்கட்டும். நீங்க அந்தப் பக்கம் போயிடுங்க," என்றார் சார்.

"இல்ல சார். நேத்து எனக்குச் சொன்ன வேலை. நானே எடுக்கிறேன்," என்றாள் அக்கா. ஆனால் மௌஸைப் பிடித்தவள் பிடித்தபடியே இருந்தாள்.

அப்போது புவனேஸ்வரியின் போன் அடித்தது. பெயர் இல்லாமல் எண் மட்டும் வந்தது. அந்த எண் அவளுக்கு மனப்பாடம்.

"ஹலோ, இந்த நம்பர்லேர்ந்து கூப்பிட்டிருந்தீங்க…"

"நான்தான்," என்றாள்.

"புவனாவா? என்னங்க, நீங்க போன்லாம் பண்ணுவீங்களா?"

அவளுக்குச் சிரிப்புதான் வந்தது. போனை ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்தாள். நடந்ததைச் சிந்தாமணி அக்காதான் சொன்னாள், தன்மேல் இருந்த குற்றத்தை இரண்டு மடங்காக்கி. மணிவேல் விழுந்து விழுந்து சிரித்தான்.

"எல்லாம் என் தப்புக்கா. அன்னிக்கே ஆளுக்கொரு பேரு போட்டிருக்கணும். சோம்பேறித்தனம். எடுங்கக்கா, ஒண்ணும் ஆகாது. இங்க எனக்குப் புதுசா பேரு குடுத்துட்டாங்க. பேருகூட இல்ல, ஆறு இலக்க நம்பரு."

"நீ நல்லாயிருக்கியாடா?"

"நல்லாயிருக்கேன்கா."

"அப்ப நான் எடுக்கிறேன். நீ பேசிட்டே இரு. வச்சுடாத."

"என்னக்கா பேசறது?"

"எதையாவது பேசு."

அவன் பேசினான். காலையில் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்ததை, கேன்டீனில் ரசம் என்று ஒன்று ஊற்றுவதை, சுண்ணாம்புக்கல் தூள் முடியில் படிந்து வீட்டுக்குப் போனால் அம்மா தலையைத் தடவிப் பார்த்துவிட்டு நரைச்சுப் போச்சாடா என்று கேட்பதை. சிந்தாமணி அக்கா அவன் பெயரை அழுத்தினாள். நீக்கு என்பதை அழுத்தினாள். கம்ப்யூட்டர் கேட்டது, இவருடைய ஃபைல்களையும் சேர்த்து அழித்துவிடவா, வைத்துக்கொள்ளவா என்று.

"வச்சுக்கச் சொல்லு," என்றார் பின்னால் நின்ற சார்.

"அது சாரா?" என்றது போன்.

"நான்தான். பேசுய்யா, நிறுத்தாத," என்றார் அவர்.

வைத்துக்கொள் என்பதை அக்கா அழுத்தினாள். பட்டியலில் இருந்து மணிவேல் போனான். போனில் மணிவேல், ஞாயிற்றுக்கிழமை பெரம்பலூர் வந்தால் எல்லோரையும் பார்ப்பதாகச் சொல்லிக்கொண்டிருந்தான். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "சாப்பிட்டியா?" என்று கேட்டாள். இன்னும் இல்லை என்றான். போய்ச் சாப்பிடு என்று திட்டினாள்.

பிறகு ஸ்பீக்கரை அணைத்து, போனைப் புவனேஸ்வரியின் கையில் வைத்தாள். "இந்தா, உனக்குத்தானே போன் பண்ணான்," என்று சொல்லிவிட்டுச் சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். சாரும் அவர் அறைக்குப் போய்விட்டார்.

புவனேஸ்வரி போனைக் காதில் வைத்தாள். அந்தப் பக்கம் எங்கோ ஒரு லாரி பின்னோக்கி வரும் சத்தம் கேட்டது.

"இருக்கீங்களா?" என்றான்.

"இருக்கேன்," என்றாள். நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள்.